எக்ஸ்றே ஜவாத் பிறை பார்த்த கதை

சாய்ந்தமருதில் போய் ஜவாத் வீடு எது என்று கேட்டால், எந்த ஜவாத் என்று திருப்பிக் கேட்பார்கள். எக்ஸ்றே ஜவாத் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள். அந்தச் சிரிப்புத்தான் அந்த மனிசரின் வாழ்க்கையில் இருந்த ஒரே பெரிய வருத்தம்.

பிரதான வீதியில், புதுப்பள்ளிக்கு நேர் எதிரே உள்ள தனியார் வைத்திய நிலையத்தின் பின்னறையில் அவர் நெடுங்காலமாக ஊராரின் எலும்புகளைப் படம் பிடித்து வந்தார். முகம் அவருக்கு மறந்து போகும், எலும்பு மறக்காது. வீதியில் யாராவது ஸலாம் சொன்னால், பெயர் வாயில் வராமல் தடுமாறி, "நீங்க அந்த இடது முழங்கையெல்லா?" என்று கேட்பார். கேட்கப்பட்டவர் தன் முழங்கையைத் தடவிக்கொண்டே போவார்.

வீட்டிலும் அவருக்குப் பெரிய இடமில்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்குப் போனது. மகள் றிப்னாவுக்குக் கலியாணம் முடிந்ததும் ஜவாதும் மனைவி றுகையாவும் பின்பக்க அறைக்குக் குடிபோனார்கள். முன்வாசலில் மருமகனின் செருப்பு கிடந்தது. மருமகன் வங்கியில் வேலை. அவர் "இண்டைக்கு மழை வரும்" என்றால் காயப்போட்ட துணியை எடுப்பார்கள். ஜவாத் சொன்னால் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள்.

இத்தனைக்கும் காரணம் அவருடைய றொக்கட் கதை.

கொழும்பில் பயிற்சி எடுத்த காலத்தில் ஒரு விரிவுரையாளர் சொன்ன கதை அது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டில் அமெரிக்காவில் ஒரு பாலைவனத்திலிருந்து சின்ன றொக்கட் ஒன்றை மேலே விட்டார்கள். சூரிய வெளிச்சம் பட்டு நிலாவிலிருந்து எக்ஸ்றே கிளம்புகிறதா என்று பார்க்கத்தான் விட்டார்கள். ஆறு நிமிடம்கூட அது உயரத்தில் நிற்கவில்லை, சுழன்றுகொண்டே போய்ச் சுழன்றுகொண்டே விழுந்தது. நிலாவிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் தேள் போலக் கிடக்கும் நட்சத்திரக் கூட்டத்துப் பக்கமிருந்து, யாரும் எதிர்பாராத அளவுக்கு எக்ஸ்றே வந்து கருவியில் கொட்டியது. அதற்கும் முன்னே, உலக யுத்தத்தில் பட்டினங்களை இடிக்கச் செய்த றொக்கட்டுகளில் மிஞ்சியதைப் பிடித்து, குண்டு இருந்த இடத்தில் கருவியை வைத்து, சூரியனின் புற ஊதாக் கதிரைப் படம் எடுத்தவர்களும் உண்டு. அந்தப் படச் சுருளை, றொக்கட் விழுந்து தோண்டிய குழிக்குள் மண்வெட்டியோடு தேடினார்களாம்.

நல்ல கதைதான். ஆனால் ஜவாத் அதைக் கலியாண வீட்டில் சொன்னார், ஆள் இறந்த மையித்து வீட்டில் சொன்னார், கால் உடைந்து கத்திக்கொண்டு கிடப்பவனிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தச் சின்ன றொக்கட் வளர்ந்தது. ஆரம்பத்தில் தென்னைமர உயரம் இருந்தது, போகப்போகப் பள்ளி மினாராவைத் தாண்டியது. அவருடைய கதையில் றொக்கட் கிளம்பும்போதே கேட்பவர்களும் கிளம்பிவிடுவார்கள்.

இப்படியிருக்கையில் அவர் குடியின் மரைக்கார் மௌத்தாகி அந்த இடம் வெறுமையானது. தாய்வழியில் வருகிற ஒவ்வொரு குடிக்கும் பள்ளியில் ஒரு மரைக்கார் உண்டு. குடியில் பிணக்கு வந்தால் அவர்தான் பேசித் தீர்ப்பார், அவர் சொன்ன சொல்லுக்கு மறுசொல் இல்லை. அந்தக் கடைசி விடயம்தான் ஜவாதின் மனதைப் பிடித்தது. மறுசொல் இல்லாத சொல் ஒன்றை வாழ்நாளில் ஒரு தடவையாவது சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசைக்கு எதிராக நின்றவர் கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்த மசூர். மசூருக்குக் கூரிய கண். வருடா வருடம் நோன்புப் பெருநாள் பிறையை ஊரில் முதலில் காண்பவர் அவர்தான். பிறக்காத பிறையையும் கண்டுவிடுவார் என்பது அவரைப் பற்றிய ஒரே குறை.

பிறை விடயத்தில் ஊருக்கே ஒரு மனக்குறை இருந்தது. நாட்டில் எங்கெங்கோ கண்ட பிறையையெல்லாம் கொழும்பில் உள்ள பிறைக் குழு ஏற்றுக்கொண்டு அறிவித்திருக்கிறது. நம்மட ஊரில் கண்டதாக ஒருநாளும் றேடியோவில் சொன்னதில்லை. கடல் கிழக்கே கிடக்கிறது, பிறையோ மேற்கே வயல் வட்டைக்கு மேலே தெரிய வேண்டியது. அந்த நேரம் பார்த்து மேற்கே முகில் வந்து குந்திக்கொள்ளும். மசூர் ஒருவருக்குத்தான் முகில் வழிவிடும், அதைக் கொழும்பு நம்பாது.

நோன்பு பாதி கழிந்த ஒரு நாள், இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து பள்ளி நிர்வாகசபை கூடியது. தலைவர் ஹமீட் ஹாஜியார். சம்மாந்துறையில் அரிசி ஆலை, பேச்சில் ஆலையின் சத்தம். பிறை பார்க்க இம்முறை என்ன ஏற்பாடு என்று அவர் கேட்டபோது ஜவாத் எழும்பி நின்றார். எழும்பும்போது ஒரு எண்ணமும் இல்லை. நின்ற பிறகுதான் வாய் தானாகக் கதைத்தது.

"ஹாஜியார், எக்ஸ்றே இறைச்சியையே ஊடுருவிப் போகும். முகில் என்ன, நனைஞ்ச பஞ்சி. நிலாவுல இருந்து எக்ஸ்றே வருது எண்டு அறுபத்திரண்டிலேயே றொக்கட் விட்டுப் பாத்திரிக்கானுகள். நம்மட எக்ஸ்றேத் தகடு போட்ட கசெட்ட மேற்குப் பக்கம் பிடிச்சா, முகிலுக்குப் பின்னால இரிக்கிற பிறை அதுல விழும்."

வழக்கமாகச் சிரிப்பு வருகிற இடம். சிரிப்பு வரவில்லை. நாலைந்து பேர் தலையாட்டினார்கள். வாழ்நாளில் முதன்முறையாகத் தலையாட்டலைக் கண்ட ஜவாத், நிலாவிலிருந்து எக்ஸ்றே வரவில்லை என்பதுதான் அந்தக் கதை என்பதைச் சபைக்குச் சொல்ல மறந்துபோனார்.

"கண்ணால காணணும் எண்டுதான் இரிக்கி" என்றார் பள்ளி மௌலவி.

"படத்தக் கண்ணாலதானே பாக்கப் போறம்" என்றார் ஹமீட் ஹாஜியார்.

அத்தோடு தீர்மானம் நிறைவேறியது. மறுநாளே சுவரொட்டி வந்தது: "இலங்கையில் முதன்முறையாக எக்ஸ்றே மூலம் பிறை." கீழே ஜவாதின் படத்தை விடப் பெரிதாக ஹமீட் ஹாஜியாரின் படம். வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினார்கள். கட்டாரில் இருப்பவர்கள் பெருமைப்பட்டார்கள். நிர்வாகசபையில் ஒருவர் ஜவாதின் தோளில் கைபோட்டு, பெருநாளைக்குப் பிறகு மரைக்கார் விடயம் உங்கட பக்கம்தான் என்று காதில் சொன்னார். அன்றைக்கு வீட்டில் ஜவாத் மழை வரும் என்றார். றுகையா துணியை எடுத்தாள். மழை வரவில்லை, ஆனாலும் எடுத்தாள்.

பிறை பார்க்க ரெண்டு நாள் கிடக்கும்போது றிப்னா பின்பக்க அறைக்கு வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்.

"வாப்பா, அந்த றொக்கட்ட ஏன் மேல விட்டாங்க?"

"நிலாவப் பாக்கத்தான்."

"நிலாவக் கீழ இருந்து பாத்தா என்ன? நிலத்துல கருவிய வெச்சிப் பாத்திருக்கலாமே. ஏன் மினக்கெட்டு றொக்கட்?"

ஜவாத் யோசித்தார். அந்தக் கேள்வி அத்தனை வருடத்தில் அவருக்கு வந்ததேயில்லை. விரிவுரையாளர் அந்த இடத்தைச் சொன்னபோது அவர் நித்திரையாகியிருக்க வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு அது.

"காத்து, வாப்பா. நம்மட தலைக்கு மேல இரிக்கிற முழுக் காத்தும் முப்பதடித் தண்ணி நிக்கிறதுக்குச் சமன். வானத்துல இருந்து வாற எக்ஸ்றே ஒண்டும் அதத் தாண்டி நிலத்துக்கு வராது. அதால நாம உயிரோட இரிக்கம். காத்துக்கு மேல போய்ப் பாக்கத்தான் றொக்கட். நீங்க கசெட்டத் தூக்கிப் பிடிச்சா ஒரு மண்ணும் விழாது."

ஜவாத் சுவரொட்டியை நினைத்தார். தோளில் விழுந்த கையை நினைத்தார். பிறகு நிம்மதியானார். ஒன்றும் விழாதென்றால் நல்லதுதானே. வெறும் படத்தைக் காட்டி, இம்முறை பிறை தென்படவில்லை என்று கம்பீரமாகச் சொல்லிவிடலாம். முப்பது நோன்பையும் முழுசாகப் பிடித்துவிட்டு மறுநாள் பெருநாள் எடுப்பார்கள். ஆருக்கும் நட்டமில்லை, அவருடைய மதிப்பும் கெடாது. இந்தக் களவை அவர் றிப்னாவிடம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு விளங்கியது போலத்தான் இருந்தது.

பிறை பார்க்கும் நாளான இருபத்தொன்பதாம் நோன்பன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளித் தண்ணீர்த் தொட்டியடியில் ஹமீட் ஹாஜியார் வழுக்கி விழுந்தார். தொட்டிக் கட்டில் விலா அடிபட்டுவிட்டது. தாங்கிப் பிடித்து எதிரே வைத்திய நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜவாத் நோகிற இடத்தை மட்டும் குறுக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்.

"உடையல்ல ஹாஜியார். ஆனா ஒங்கட விலாவுல பழைய முறிவு ஒண்டு பொருந்தி முடிச்சுப் போட்டிரிக்கி."

"சின்ன வயசில எருமை இடிச்சது" என்றார் ஹாஜியார். "அத விடுங்க. பின்னேரத்துக் காரியத்தப் பாருங்க."

படத்தை வாசித்து முடிந்ததும் கசெட்டில் உள்ள தகட்டை இயந்திரமே தன் விளக்கால் துடைத்துவிடும். ஆனால் அந்த வைத்திய நிலையத்து இயந்திரம் வயசாளி. விளக்கு மங்கி, துடைத்தும் துடைக்காமலும் விட்டுவிடும். அப்படியான நாளில் இரண்டாம் தரமும் துடைக்க வேண்டும் என்பது ஜவாதுக்குத் தெரியும். நோன்பு திறக்க நேரம் நெருங்கிவிட்டது, வாசலில் ஆட்கள் கூப்பிட்டார்கள். வெறுமையாகக் கிடக்கப்போகிற தகட்டை எத்தனை தரம் துடைத்தால் என்ன என்று, அதே கசெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினார்.

பள்ளி மொட்டைமாடியில் நிற்க இடமில்லை. மேற்கே வட்டை முழுக்கக் கருமுகில். நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு, ஜவாத் கசெட்டை இரு கையாலும் மேற்கு நோக்கித் தூக்கிப் பிடித்தார். கை உளைந்தது. இறக்க மனமில்லை, அத்தனை கைத்தொலைபேசிகள் அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் மசூர் வெறுங்கண்ணால் முகிலைத் துருவிக்கொண்டு நின்றார். "இப்ப ஒண்டு தெரிஞ்ச மாதிரி" என்று ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தார். யாரும் காது கொடுக்கவில்லை.

பிறகு எல்லோரும் வீதியைக் கடந்து வைத்திய நிலையத்துக்கு வந்தார்கள். வாசலில் செருப்பு மலை. பின்னறைக்குள் நிர்வாகசபை முழுவதும் ஒருவர் மூச்சு ஒருவர் கழுத்தில் படும்படி நெருக்கிக்கொண்டு நின்றது. ஜவாத் கசெட்டை இயந்திரத்துக்குள் செருகினார். தென்படவில்லை என்று சொல்லப்போகும் வசனத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

அந்தக் கணினிக்கு ஒரு பழக்கம் உண்டு. தகட்டில் மங்கலாக எது கிடந்தாலும் அதைத் துருவித் துலக்கி வெளிச்சமாக்கிக் காட்டும். திரை கறுத்தது. கறுப்பின் நடுவே மெல்லிசாக, வளைவாக, வெள்ளைக் கீற்று ஒன்று எழும்பியது. அதன் உள்பக்கம் ஓரிடத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக ஒரு புள்ளி.

பின்னால் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள்.

"பிறை" என்றார் யாரோ, பயந்தவர் மாதிரி.

"நட்சத்திரமும் இரிக்கி" என்றார் இன்னொருவர்.

அதற்குப் பிறகு அல்லாஹு அக்பர் என்ற தக்பீர் முழக்கத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே நின்றவர்களுக்குச் சேதி போய், பட்டாசு வெடித்தது. ஹமீட் ஹாஜியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கொழும்பு நம்பரைத் தேடினார். நாடு முழுக்க நம்மட ஊர்ப் பிறையில் பெருநாள் எடுக்கப் போகிறது. மசூர்கூட, தான் மாடியில் கண்டது இதையேதான், நட்சத்திரம் உட்பட, என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜவாத் திரைக்குக் கிட்டப் போய் அந்தப் புள்ளியைப் பார்த்தார். திரையில் கிடந்தது அவருக்குத் தெரிந்த ஆள்.

மௌலவி அவர் பக்கம் திரும்பினார். "கொழும்பில சாட்சி கேப்பாங்க. நீங்கதான் பிடிச்சது. ஷவ்வால் மாசத்துப் பெருநாள் பிறை எண்டு அல்லாஹ்வுக்காக நீங்க சாட்சி சொல்லுவீங்களா?"

அவரிடம் யாரும் சாட்சி கேட்டதில்லை. வேலிச் சண்டைக்குக்கூடக் கேட்டதில்லை. இப்போது அறை முழுவதும் அவர் வாயைப் பார்த்தது. ஓம் என்று ஒரு சொல் போதும். மறுசொல் இல்லாத சொல். அந்தக் குடியில் அவர் மரைக்கார். முன்வாசலில் அவர் செருப்பு கிடக்கும். ஜவாதுக்கு ஆசை இருந்தது, அதை மறைப்பதில் பலனில்லை. வாய் திறந்தும் விட்டார். அந்த நேரம் பார்த்து அந்தப் பாழாய்ப்போன றொக்கட் அவர் நெஞ்சுக்குள் சுழன்றது. நிலாவைப் பார்க்கத்தான் போகிறோம் என்று சொல்லித்தான் அவர்கள் அதை மேலே விட்டார்கள். கருவி நிறையக் கதிர் விழுந்தது. நிலாதான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் சந்தோசம். அவர்கள் சொல்லவில்லை. இத்தனை வருடம் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், அது என்ன கதை என்று அன்றைக்குத்தான் கேட்டார்.

"ஹாஜியார், போனக் கீழ வையுங்க" என்றார்.

"ஏன்?"

"இது பிறையில்ல. இது ஒங்கட விலா எலும்பு."

ஹமீட் ஹாஜியார் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினார். ஜவாத் அன்று பின்னேரம் எடுத்த படத்தைத் திரையில் பக்கத்தில் வைத்தார். அதே வளைவு, அதே முடிச்சு. தகட்டைச் சரியாகத் துடைக்காதது தன் பிழை என்றார். வானத்து எக்ஸ்றே காற்றைத் தாண்டி வராதென்பது ரெண்டு நாளாகத் தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னார்.

"அப்ப அந்த நட்சத்திரம்?" என்று கேட்டார் ஒருவர். அவருக்கு அதை விட மனமில்லை.

"எருமை இடிச்ச இடம்" என்றார் ஜவாத்.

மௌலவி தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஹாஜியாரின் விலா எலும்பைக் கண்டு தக்பீர் சொன்ன நிர்வாகசபை ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் செருப்பைத் தேடியது. அவசரத்தில் பலர் மாறிப் போட்டுக்கொண்டு போனார்கள். அன்றிரவு நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை என்று றேடியோ சொன்னது.

முப்பதாவது நோன்பை ஊரே ஜவாதைத் திட்டிக்கொண்டு பிடித்தது. பட்டாசுச் சத்தத்தை நம்பிப் பெருநாளைக்கென்று வட்டிலப்பம் அவித்துவிட்ட வீடுகள் ஏராளம். றுகையாவும் அவித்திருந்தாள். அதை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள், "அந்த றொக்கட்காரனுகள் நிலாவக் காணல்ல எண்டு சொன்ன பிறகு, அவனுகள்ட பொஞ்சாதிமார் என்ன சொன்னாங்க?"

"அது எங்கயும் எழுதியில்ல" என்றார் ஜவாத்.

மரைக்கார் பதவி மசூருக்குப் போனது. எக்ஸ்றே ஜவாத் என்ற பெயர் மாறி விலா ஜவாத் ஆயிற்று. அவர் றொக்கட் கதையையும் நிறுத்திவிட்டார். நோயாளிகள் நிம்மதியாகக் கால் உடைத்துக்கொண்டு வந்தார்கள். ஜவாதுக்கு அது வலித்தது. பின்பக்க அறையில் ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டு, ஓம் என்று சொல்லியிருக்கலாமோ என்று பல தரம் நினைத்தார். நினைத்ததை நான் ஏன் மறைக்க வேண்டும்.

பிறகு ஹஜ் மாதப் பிறை பார்க்கும் நாள் வந்தது. ஜவாத் தொழுதுவிட்டு ஓரமாக வீட்டுக்குப் போகப் படியிறங்கினார். மேலே மொட்டைமாடியில் மசூர் மரைக்காரின் குரல் கேட்டது. கண்டுவிட்டாராம். வானம் வெளித்துத்தான் இருந்தது, விரல் நீட்டிய இடத்தில் சும்மா ஒரு முகில் நூல் கிடந்தது. அவரோடு நாலு பேரும் சேர்ந்து கண்டார்கள். மரைக்கார் கண்டால் மற்றவர்கள் காணாமல் இருப்பது மரியாதையில்லை. ஹமீட் ஹாஜியார் கைத்தொலைபேசியை வெளியே எடுத்தார். எடுத்தவர் நம்பரை அமத்தவில்லை. மற்றக் கை தானாக விலாவுக்குப் போனது.

"ஜவாத் எங்க?" என்று கேட்டார்.

கூப்பிட ஆள் வந்தது. ஜவாத் மேலே ஏறினார். மேற்கே வட்டைக்கு மேலே நின்று நிதானமாகப் பார்த்தார். எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் காணல்ல" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஹாஜியார் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். கண்டவர்கள் நாலு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். மசூர் மரைக்கார்கூட, முகில் நூலாக இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். பிறையை முதலில் காண ஆசைப்பட்ட மனிசர் கடைசியில் காணாததற்கு ஊரின் சாட்சியானார்.

படியில் இறங்கும்போது மௌலவி அவர் கையைப் பிடித்தார். "ஜவாத், அந்த றொக்கட் கதைய ஒருக்காச் சொல்லுங்க. நான் ஒருநாளும் முழுசாக் கேட்டதில்ல."

சொல்லச் சொல்லி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜவாத் படியிலேயே குந்தினார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அன்றைக்கு அவர் கதையில் றொக்கட் மினாரா உயரத்துக்கு வளரவில்லை.

"சின்ன றொக்கட்தான்" என்று தொடங்கினார். "நிலாவத் தேடிப் போனாங்க. திரும்பி வந்து, நிலாவக் காணல்ல எண்டு சொன்னாங்க. மத்ததெல்லாம் அதுக்குப் பிறகுதான்."